தொட்டியில் நண்டு வளை

இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் செடிகளைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் வசந்த காலத்தில் தொட்டி மாற்றுங்கள் என்கிறார்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு வசந்தத்துக்கு நான் எங்கே போவது? இங்கே இருப்பது மாசியும் பங்குனியும். விடியற்காலையில் போர்வை வேண்டும், பத்து மணிக்கெல்லாம் ஃபேன் வேண்டும். ஆற்றில் மணல் தெரியும். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பச்சையாக நிற்கும். சரி, இதுதான் நம் வசந்தம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் மாசிக் கடைசியில் செடிகளைத் தொட்டி மாற்றுவேன்.

இந்தச் செடிகள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டால், அவை என்னை எதுவும் கேட்பதில்லை. வீட்டில் மற்ற எல்லாம் கேட்கும். பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு வந்தால் அடுப்பு கேட்கும், துணி கேட்கும், கணவர் சட்டை எங்கே என்று கேட்பார். இவை குண்டு குண்டாக இலையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கள்ளி மாதிரி இருப்பதை எல்லாம் வீட்டில் வைக்கலாமா என்று சொல்லிப் பார்த்த சொந்தக்காரர்கள் உண்டு. உங்கள் வீட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊர் மண் இவற்றுக்கு எமன். வயல் மண்ணைக் கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கும், தண்ணீரை விடவே விடாது. நெல்லுக்கு அது வரம். சக்குலென்டுக்கு வேர் அழுகல். அதனால் செங்கல்லை உடைத்து, ஆற்று மணலைச் சலித்துப் பெரும்பருக்கையை மட்டும் எடுத்து, அரிசி ஆலையிலிருந்து வந்த கரிந்த உமியைக் கலந்து நானே ஒரு கலவை செய்வேன். மேலே ஊற்றினால் கீழே ஓட வேண்டும். அதுதான் கணக்கு.

ஒரு வருஷம் கார்த்திகையில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வயலில் களை எடுக்கும் சமயம். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மாமியார் முன்பே போய்விட்டதால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கால் மெல்ல மெல்லத் தேறியது. பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அது பாட்டுக்குக் கிடக்கும்.

முதல் சில மாதங்களில் கை எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான், பிறகு கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிசியோதெரபி செய்ய வரும் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, பிடித்துப் பிடித்து அமுக்கச் சொன்னாள். "நான் என்ன பச்சப் புள்ளையா, பந்து வெளாட?" என்று அதைக் கட்டிலுக்கடியில் உருட்டி விட்டார். அவள் கெஞ்சினாள், என் கணவர் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு மனசு கேட்காதது சாப்பாட்டு நேரம்தான். இடது கையால் சாப்பிட அவர் ஒப்பவில்லை. நான்தான் கரண்டியால் ஊட்ட வேண்டும். ஊரில் தன் வயலில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் நின்று பரிமாறிப் பழகிய மனிதர், மருமகள் கையால் வாயைத் திறப்பதற்குக் கூசிப்போய், நாலு வாய் வாங்கியதும் "போதும்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பசி தீர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கை வராமலே போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் தட்டைக் கழுவுவேன்.

மாசிக் கடைசி வந்தது. வழக்கம்போலத் தொட்டி மாற்றினேன். எல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுச் சின்னத் தொட்டிகள். பக்கவாட்டில் அடியோரமாக ஓட்டை இருக்கும். கொல்லைக் குழாயடியில் தகரக் கூரை நிழலில் வரிசையாக வைத்தேன். காலையில் வெயில் ஏறும்வரை மாமா நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான். பக்கத்தில் மல்லிகைக்கு என்று என் கணவர் ஊரிலிருந்து கொண்டுவந்த வயல் மண் ஒரு சாக்கு நிறைய இருந்தது.

நான் பயந்தது போலவே அவர் இடது கையில் குவளையை எடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். என் கணவரிடம் முறையிட்டேன்.

"தண்ணி காட்டாம ஒரு செடியப் பாத்தா அவருக்குச் சோறு எறங்காது. விடேன்" என்றார்.

"உளுந்துக்குத் தண்ணி விட்டாரா? அது பனியிலதான வெளையுது?"

"உளுந்து உளுந்து. இது தொட்டி."

ஆனாலும் என் கலவையின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஊற்றினார், ஓடியது. மறுபடி ஊற்றினார், மறுபடி ஓடியது. தொட்டிகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சாக்கடைக்குப் போவதை முதல் நாலு நாள் பார்த்தேன், பிறகு பார்ப்பதை விட்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். மாமா மட்டும் அந்தத் தண்ணீரை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பங்குனி பாதி போனதும் செடிகள் போக ஆரம்பித்தன. முதலில் ரோஜாப்பூ வடிவில் இருக்குமே, அது. இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, விரல் பட்டதும் சொதசொதவென்று உதிர்ந்தன. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கறுப்பு. என்னென்னவோ யோசித்தேன். உமியில் பூஞ்சை இருந்திருக்கும், வெயில் முந்திவிட்டது, வேர்ப்புழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடுப்பில் ஒரு தொட்டியைத் தூக்கினேன். கல் போலக் கனத்தது. திருப்பிப் பார்த்தேன்.

ஓட்டைகள் அடைபட்டிருந்தன. களிமண்ணைப் பிசைந்து, உருட்டி, உள்ளே திணித்து, மேலே பூசி வழவழப்பாக்கி, அவ்வளவு நேர்த்தியாக. அடுத்த தொட்டியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. உள்ளே குளம் கட்டி நின்றது தண்ணீர்.

எனக்கு வந்த கோபத்தில் கையைக்கூடக் கழுவவில்லை. தொட்டியோடு மாமா முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இது யாரு அடைச்சது?"

"நாந்தாம்மா." பெருமையாகத்தான் சொன்னார். "நண்டு வளை மாதிரி ஓட்டை. ஊத்துற தண்ணி பூரா போவுது. வரப்புல வளைய வெச்சிக்கிட்டு எவன் தண்ணி பாய்ச்சுவான்?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் வரப்பில் நண்டு வளை கண்டால் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். குனிந்து ஒரு பிடி களியை அள்ளி அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆயுள் பூரா அதைச் செய்தவர், ஒழுகும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்? ஆனால் அதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது, செடி போன வயிற்றெரிச்சலில் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் கையில் இருந்த தொட்டி கண்ணில் பட்டது. களிமண்ணில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. குனிந்து அவர் கைகளைப் பார்த்தேன். இடது கை தொட்டியை மடியில் பிடித்துக்கொள்ளவே சரியாக இருந்திருக்கும். வலது கையின் நகக்கண் எல்லாம் களிமண்.

"எந்தக் கையால அடைச்சீங்க மாமா?"

அவர் தன் கையைத்தான் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. மெல்ல விரல்களை மடக்கினார். முழுதாக மடங்கவில்லை. ஆனால் மடங்கின.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டியை வைத்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது, பிழைத்திருந்த செடிகளை எல்லாம் பிடுங்கினேன். வேரை உதறி, செய்தித்தாள் விரித்து, பீரோ மேல் அடுக்கி வைத்தேன். மண்ணே இல்லாமல் வாரக்கணக்கில் கிடக்கும் சாதி அது. இலையில் இருக்கும் ஈரத்தைத் தின்றுகொண்டு காத்திருக்கும். தொட்டிகளில் வெறும் மணலை நிரப்பி, ஓட்டைகளை எல்லாம் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து, பழையபடி குழாயடியில் வரிசையாக வைத்தேன். சாக்கிலிருந்து ஒரு தட்டு களிமண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடினேன்.

மறுநாள் காலை மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தொட்டியைத் தூக்கி மடியில் வைத்தார். செடி இல்லை. அடியில் ஓட்டை திறந்திருந்தது. அடுத்த தொட்டியையும் எட்டிப் பார்த்தார். பிறகு, கதவோரம் தட்டுடன் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வீட்டு நண்டுக்கு ரெண்டு காலு போலருக்கு" என்றார். "மண்ணக் கொண்டாம்மா."

வலது கையை நீட்டினார்.