பெட்டிச் சாவியும் ஒட்டகக்காரர் தலைப்பாகையும்

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. நடந்த இடம் ராஜஸ்தானத்தில், ஜோத்பூரையும் தாண்டி ஒரு மணல்காடு. மதுரைக்கு வடக்கே எட்டிக்கூடப் பார்க்காத நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் வாசல் சோதனைக்காரி. காலையில் வேலைக்கு வரும் பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, மடியை உதறச் சொல்லி, கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, தீப்பெட்டியோ இரும்போ உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கொண்டை ஊசி, ஊக்கு, வீட்டுச் சாவி எதுவும் கூடாது. இரும்பு உரசிப் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் எல்லோரும் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, ஊசியையும் சாவியையும் அந்தச் செருப்பிலேயே வைத்துவிட்டு உள்ளே போவோம். சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துக்கொள்வோம். ஆண்களைச் சோதிக்க வாட்ச்மேன் இருந்தார். அவர்கள் யாரும் சொல்லாமலே தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போவார்கள். அதை ஒருத்தரும் அவமானமாக நினைத்ததில்லை.

பத்து வருஷம் இந்த வேலை பார்த்ததில் எனக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டது. ஒரு ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் மடிதான் கண்ணில் படும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவள் கொண்டைக்குள் என்ன வைத்திருக்கிறாள் என்றுதான் மனசு போகும். என் தங்கச்சி கேலி செய்வாள். நான் கண்டுகொள்வதில்லை.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவர். ஒரு விபத்தில் வலது கை வெந்துபோய், பிழைத்ததே பெரிய காரியம் ஆனது. அதற்குப் பிறகு முதலாளி அவரை ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் வேலைக்கு மாற்றினார். அந்தத் தீபாவளிச் சீசன் முடிந்தபோது ஆர்டர் குறைந்துவிட்டது. "வடக்க ஒரு பெரிய ஆர்டர் பிடிச்சிட்டு வா. இல்லைன்னா பழைய எடத்துக்கே போயிரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். பழைய இடம் என்றால் மருந்து அறை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறைக்குள் அவரை மறுபடி அனுப்ப எனக்கு உயிர் போனாலும் சம்மதமில்லை.

அதனால்தான் நானும் கிளம்பினேன். வெந்த கையை வைத்துக்கொண்டு அவரால் பெட்டி தூக்க முடியாது என்று வெளியே சொன்னேன். உண்மையில், அவர் யாரையும் நம்பிவிடுகிற ஆள். பிள்ளைகளை விருதுநகரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். புது மாதிரி வாணங்கள் அடங்கிய சாம்பிள் பெட்டி முன்னாலேயே லாரியில் போய்விட்டது. நல்ல மரப்பெட்டி, இரும்புப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

ஜோத்பூர் வியாபாரி மரியாதையானவர். ஆனால் ஆர்டரை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய அண்ணன், பாலைவனத்துக்குள் ஒரு கிராமத்தில் இருந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு மணலைச் சுற்றிக் காட்டித்தான் அங்கே அனுப்பி வைப்பார்களாம். பாதை முடியும் இடம்வரை ஜீப், அங்கிருந்து ஒட்டகம், ஒரு ராத்திரி மணலில் கூடாரம், மறுநாள் மத்தியானம் அந்தக் கிராமம். ஜீப் வேறு பாதையில் சுற்றிக்கொண்டு கிராமத்துக்கு வந்து காத்திருக்கும். பெட்டியை ஜீப்பிலேயே விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஜீப் டிரைவர் முகத்தை நான் பார்த்தேன். வழியெல்லாம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தவன் அவன்.

"அவன்கிட்ட விட்டா பெட்டி வந்து சேராது. என் கண் முன்னாலதான் இருக்கணும்" என்றேன்.

"ஏ புள்ள, உனக்கு எல்லாரும் களவாணிப் பயலுகதானா?" என்றார். ஆனாலும் பெட்டி இறங்கியது.

அங்கே எங்களுக்காக ஒட்டகக்காரர் இரண்டு ஒட்டகங்களோடு நின்றிருந்தார். அறுபது வயசு இருக்கும். வெள்ளை மீசை, தலையில் பெரிய சிவப்புத் தலைப்பாகை. டிரைவரும் அவரும் ஒதுங்கிப் போய் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். இரண்டு பேரும் நடுநடுவே பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்புச் சாவியை நான் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

நாங்கள் ஒரு ஒட்டகத்தில், பெட்டியும் கூடாரமும் இன்னொன்றில். பெட்டிக்கு அடியில் ரஜாய் என்று அவர்கள் சொல்லும் கனமான பஞ்சுப் போர்வை ஒன்றை மடித்துப் போட்டிருந்தார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒட்டகம் எழுந்திருக்கும்போது ஒரு தடவை முன்னால் தள்ளியது, ஒரு தடவை பின்னால் தள்ளியது. என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நின்று, பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரு தடவை குனிந்து மோந்துகூடப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. எங்கள் கரிசல்காட்டில் வேலிக்கருவையாவது நிற்கும். இங்கே இந்த ஆள் எங்களை இறக்கிவிட்டு ஒட்டகத்தோடு போய்விட்டால், வந்த திசைகூடத் தெரியாது.

"இவுக எதுக்கு அம்புட்டுத் தடவை பெட்டியத் தொடுதாக?" என்று கேட்டேன்.

"விழுந்திரக் கூடாதுன்னு பாக்காரு. நீ பேசாம வா" என்றார் இவர்.

பொழுது இறங்கும்போது ஒரு மணல்மேட்டின் பக்கத்தில் கூடாரம் போட்டார். காய்ந்த முள் பொறுக்கி வந்து, கூடாரத்துக்குத் தள்ளி அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டுக் கொடுத்தார். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, என் வீட்டுக்காரர் ஒரு துண்டு தின்று கொஞ்ச நேரம் ஆகும்வரை நான் வாயில் வைக்கவில்லை. அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு அன்று. பிறகு பெட்டியை, அடியில் கிடந்த ரஜாயோடு, கூடாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லி, தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் கூடாரத்துக்கு வெளியே, ஒட்டகத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். குளிரோ எலும்பைக் கடித்தது. இந்தக் குளிரில் ஒரு மனுஷன் தூங்காமல் இருக்கிறான் என்றால் எதற்காக? நானும் கண்ணை மூடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்து, எப்படியோ அசந்துவிட்டேன்.

விடிந்து எழுந்ததும் இடுப்பைத் தொட்டேன். சாவி இல்லை.

படுக்கையை உதறினேன், சேலையை உதறினேன், மணலைக் கையால் அளைந்தேன். சாவி எங்குமே இல்லை. பூட்டை உடைக்கலாமே என்று வேறு ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வாண மருந்து நிறைந்த பெட்டியில் இரும்பை இரும்பால் அடிக்க எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் கை வராது. பெட்டி திறக்காவிட்டால் சாம்பிள் இல்லை. சாம்பிள் இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் இவர் மறுபடி மருந்து அறைக்குள்.

வெளியே வந்தேன். பெரியவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் போய் நின்று, சட்டைப் பையைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பையைத் திருப்பிக் காட்டினார். இடுப்பைக் காட்டச் சொன்னேன். ஒரு சின்னக் கத்தியும் தீப்பெட்டியும் இருந்தன. அதற்குப் பிறகு, வாசலில் தினமும் செய்கிற பழக்கத்தில், தலையைக் காட்டி, அவிழ் என்று கையை அசைத்தேன்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். "ஏ புள்ள, வேண்டாம். இங்கன அதை அவுக்கச் சொல்லக் கூடாது. இவுகளுக்கு அதான் மானம். வியாபாரி சொன்னாரு."

"மானம் பெருசா, உங்க உசுரு பெருசா? அவுக்கச் சொல்லுங்க" என்றேன்.

இவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பெரியவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். டீப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். எழுந்து நின்று தலைப்பாகையை அவிழ்க்க ஆரம்பித்தார். அது எங்கள் ஆண்களின் தலைத்துண்டு இல்லை. சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. மணலில் சிவப்பாகக் குவிந்தது. கடைசியில் நரைத்த, மெலிந்த ஒரு தலை. துணியின் இரண்டு பக்கத்தையும் உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் வெட்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடார வாசலில் உட்கார்ந்து, ராத்திரி கழற்றிப் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவுக்குள் காலை விட்டார். விட்ட காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஷூவைக் கவிழ்த்தார். இரண்டு கொண்டை ஊசி, ஒரு ஊக்கு, அதோடு சாவி.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. தலையைத் தொட்டுப் பார்த்தேன், கொண்டை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டியோடு கூடாரத்துக்குள் நுழைந்தவள், கம்பெனி வாசலில் செய்வதைப் போலவே, என் மேலிருந்த இரும்பையெல்லாம் எடுத்து வாசலில் கிடந்த ஷூவுக்குள் போட்டிருக்கிறேன். பத்து வருஷமாகக் கை செய்த வேலை, அதைப் புத்தி கவனிக்கவே இல்லை. பெரியவர் ராத்திரி முழுக்க விழித்திருந்த காரணமும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பெட்டி அதிராமல் இருக்க ஒட்டகத்தின் மேல் மடித்துப் போட்டிருந்த கனமான ரஜாய், நான் பெட்டியோடு சேர்த்துக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்ட ரஜாய், அது அவருடைய படுக்கை. வேறு போர்வை அவரிடம் இல்லை.

கூனிக் குறுகிப் போனேன். கை கூப்பினேன். அவருடைய பாஷையில் மன்னிப்புக்கு என்ன வார்த்தை என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் ஷூவையும் சாவியையும் காட்டி இவரிடம் ஏதோ கேட்டார். இவர் அரைகுறை இந்தியிலும் சைகையிலும், இரும்பு, பொறி, மருந்து, எங்கள் கம்பெனி வாசல் என்று எல்லாம் சொல்லி, வெந்த கையையும் காட்டினார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடுப்பை மணல் போட்டு மூடினார். தன் காலில் இருந்த தோல் செருப்பைக் கழற்றினார். இடுப்பிலிருந்த கத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து அதற்குள் போட்டார். அந்தச் செருப்பு ஜோடியைப் பெட்டி இல்லாத ஒட்டகத்தில் கட்டினார். அதன்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை வெறுங்காலோடு நடந்தார். போட்டுக்கொள்ளுங்கள் என்று இவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவர் பெட்டியைக் காட்டி, முடியாது என்று தலையை அசைத்துவிட்டார். ஒட்டகத்தின் மேலிருந்து அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணீர் நிற்கவில்லை.

கிராமத்தில் வியாபாரியின் அண்ணன் எங்களை உட்காரவைத்ததும், முதலில் ஒட்டகக்காரரைப் பார்த்துத்தான் ஏதோ கேட்டார். வழியில் எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்கிறார் என இவர் என் காதில் சொன்னார். நடந்ததை ஒரு வரி சொன்னால் போதும், எங்களை அப்படியே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெரியவர் ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"இந்தத் தங்கச்சி மாதிரி சரக்கைப் பத்திரமாப் பாத்துக்கிடுத ஆள நான் கண்டதில்லைன்னு சொல்லுதாரு" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் வாணங்கள் மணலுக்கு மேலே அழகாக ஏறின. ஆர்டர் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு மருந்து அறைக்குள் கால் வைக்கவே இல்லை. ஊருக்கு வந்து ஒரு புது ரஜாய் வாங்கி வியாபாரி மூலமாக அனுப்பினோம். அது அந்தப் பெரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

சோதனை வேலையை நான் விடவில்லை. அது விடக்கூடிய வேலையும் இல்லை. ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து, வாசலில் நிற்கும் முதல் பெண்ணின் தலையில் கை வைப்பதற்கு முன்னால், என் கொண்டையை நானே அவிழ்த்து எல்லோருக்கும் உதறிக் காட்டுவேன். "அக்காவுக்கு என்ன ஆச்சு, வடக்க போய்க் காத்துக் கருப்பு அடிச்சிருச்சா?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போதும் வீட்டில் ஏதாவது காணாமல் போய், யார் பேராவது நாக்கு நுனிவரை வந்தால், அதை விழுங்கிவிட்டு முதலில் போய் என் செருப்பைத்தான் உதறிப் பார்க்கிறேன்.