க்யூவைத் தாண்டிப் பறந்த டிராக்டர்

எங்கள் சித்தப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏனென்றால் அந்தச் சும்மாவில் பாதி என்னுடையது. அவர் லேப்டாப்பில் கேம் செய்தார். நான் அதை ஆடிப் பார்த்து எங்கே தப்பு என்று சொல்லுகிற டெஸ்டர். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் அன்றைய சித்தூரில் கிடைத்திருக்காது.

சித்தப்பா திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தவர். அந்தக் கம்பெனி தப்பும் தவறுமாக ஒரு கேமை வெளியே விடுமாம். ஆடுகிறவர்கள் திட்டி எழுதினால், ‘உங்கள் கருத்துக்கு நன்றி, விரைவில் சரிசெய்வோம்’ என்று எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்ட வேண்டும். ஒட்டுகிற வேலை சித்தப்பாவுடையது. சரிசெய்கிற வேலைக்குத்தான் அங்கே ஆளே இல்லை. ஒருநாள் ரோஷம் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

“ஆட்றவங்க நம்ம வூட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. எலையில கல்லு கெடந்தா நாமதான் வெக்கப்படணும்” என்பார்.

“மொதல்ல எலையப் போடுங்க தம்பி” என்பாள் அம்மா.

அவர் செய்துகொண்டிருந்த கேமின் பெயர் ‘மாங்காய் வண்டி’. தோட்டத்தில் கிளிமூக்கு மாங்காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் எருமை, ஸ்பீட் பிரேக்கர், கல்யாண ஊர்வலம். எல்லாவற்றையும் தாண்டிவிட்டால் மாம்பழக்கூழ் பேக்டரி வரும், அதன் வாசலில் க்யூ வரும். மாங்காய் அழுகாமல், ஆடு வாய் வைக்காமல் பார்த்துக்கொண்டு அந்த க்யூவில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சீசன் வந்தால் நிஜத்திலும் அப்படித்தான். டிராக்டர்கள் ரோட்டோரம் நாள் கணக்கில் நிற்கும், சனம் வண்டிக்கு அடியிலேயே சமைத்துத் தின்று தூங்கும். ‘இதில் என்ன விளையாட்டு இருக்கிறது?’ என்று கேட்டால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இந்த வேதத்தில் விசுவாசம் இல்லை. அவருக்கு நிஜமான மாந்தோப்பும் நிஜமான டிராக்டரும் இருந்தன. ஒருநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“டேய், இந்த மாங்கா சீசன் முடியறதுக்குள்ள உன் ஆட்டத்த நாலு பேராவது ஆடணும். இல்லன்னா ரேணிகுண்டா பேக்டரியில மச்சான் சொல்லி வச்சிக்கிற வேலைக்குப் போயிடணும். வூட்டு ஆளுங்க, சர்ச் ஆளுங்கள நாலு பேருல சேக்காத.”

சித்தப்பா இன்னொரு இட்லி எடுத்துப் போட்டுக்கொண்டார். நான்தான் இட்லியை வைத்துவிட்டு அழுதேன். அவர் ரேணிகுண்டாவுக்குப் போய்விட்டால் என் உத்தியோகமும் போய்விடும் அல்லவா?

அன்றிலிருந்து இருவரும் வெறி பிடித்தது போல வேலை செய்தோம். ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லாததைக் கண்டுபிடித்தது நான்தான். எருமை பின்பக்கமாக நடந்து குளத்தில் இறங்கியதையும் சொன்னேன். க்யூ வந்ததும் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “முன்னாடி வண்டிக்கும் உன் வண்டிக்கும் எடம் உட்டு நில்லு, இடிக்காத” என்பார். நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஒருநாளும் இடித்ததில்லை. அதனால்தான் குடியே முழுகப் பார்த்தது.

எங்கள் சபையில் முதற்பலன் என்று ஒன்று உண்டு. தோட்டத்தின் முதல் மாங்காய், ஈன்ற மாட்டின் முதல் பால், முதல் மாதச் சம்பளம் எதுவானாலும் சர்ச்சுக்குப் போய் ஜெபித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரும். கேமுக்கும் அதே சட்டம்தான் என்று அம்மா அடம்பிடித்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் மாங்காய்களுக்கு நடுவே சித்தப்பாவின் போனை வைத்துக் கொண்டுபோனோம். பாஸ்டரய்யா போனை ஒருமுறை, சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்தத் தம்பியின் வழியிலே நிற்கிற எல்லாத் தடைகளையும் நீக்கிப்போடும்” என்று உருக்கமாக ஜெபித்தார். சபையே ஆமென் போட்டது. என் ஆமென்தான் கடைசியாக, தனியாகக் கேட்டது.

வெளியே வந்ததும் வாலிபப் பிள்ளைகள் கேமைத் தங்கள் போன்களில் ஏற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரேஷன் கடையோ பஸ்ஸோ நற்கருணையோ, க்யூ என்று வந்துவிட்டால் முன்னால் நிற்கிறவர் முதுகில் ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். விரல் இடம் விட்டாலும் எவனாவது நுழைந்துவிடுவான். போனிலும் அதையே செய்தார்கள். முன் வண்டியைப் போய் முட்டு முட்டென்று முட்டினார்கள்.

“ஐயோ, என் வண்டி மோட்சத்துக்குப் போவுது!” என்று ஒருவன் அலறினான்.

நிஜமாகவே போயிற்று. மாங்காயோடு டிராக்டர் ஜிவ்வென்று எழும்பி, நின்றிருந்த வண்டிகளுக்கெல்லாம் மேலாகப் பறந்து, பேக்டரி கேட்டுக்கு முன்னால் பூப்போல இறங்கியது. ‘பொறுமைக்குக் கிடைத்த வெற்றி!’ என்று திரையில் எழுத்து வந்தது. ஒவ்வொரு போனிலும் ஒரு டிராக்டர் பறந்தது. பாட்டுக் குழுவில் இருந்த ஒரு பெரியம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. “ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம். எவன்டா இடிக்கச் சொன்னது?” என்று ஆரம்பித்தவர், விருந்தாளி ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். இரண்டு வண்டி ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் ஒன்றை மேலே தூக்கிப் போட்டுவிடுமாம். அவர் சொன்னார், நான் நம்பவில்லை. தடைகளை நீக்கும் என்று பாஸ்டரய்யா கேட்டார், ஆண்டவர் நீக்கிவிட்டார், அவ்வளவுதான். இவ்வளவு சீக்கிரம் பதில் வந்த ஜெபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே நைனா மாங்காய் ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா, இந்த ஆட்டத்த ஒரு போன்லர்ந்து இன்னொரு போனுக்கு எப்பிடி அனுப்புறது?”

சொல்லிக்கொடுத்தேன். அவருடைய தடித்த விரல் ஒன்றை அழுத்தினால் மூன்று அழுந்தியது. எனக்கு எரிச்சலாக வந்தது. “ஒருவாட்டி சொன்னா ஏறாதா நைனா?” என்று என் டீச்சர் மாதிரியே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்துவிட்டு, போனை மேல்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சித்தப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிராக்டரைத் தரையிறக்கும் வேலையில் இறங்கினார். கதவுக்கு வெளியே நின்று, “வேணாம் சித்தப்பா, சாமி குடுத்தது” என்று கெஞ்சிப் பார்த்தேன். பலனில்லை. வாரத்தின் நடுவில் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு, “இப்ப எப்பிடி முட்டினாலும் பறக்காது” என்று சிரித்துக்கொண்டே வந்தார். அம்மா தூக்குச்சட்டியில் சாப்பாடு கட்டி எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் அனுப்பினாள். நான் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தேன்.

“சீக்கிரமே போன ஆளு, கேட்டு கிட்டதான் நிப்பாரு” என்று சொல்லி அனுப்பினாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் நைனா இல்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு க்யூவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் ‘டுபு டுபு’ என்று ஒரு சத்தம். எங்கள் டிராக்டர் சத்தம்! கேமுக்காக நைனாவின் வண்டியைத்தான் சித்தப்பா பதிவு செய்திருந்தார். சத்தம் வந்தது வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஒருவரின் போனிலிருந்து. அடுத்த வண்டியிலும் அதே சத்தம். அதற்கடுத்த வண்டியில் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றிக் குந்திக்கொண்டு, “எகிரிந்தி ரா! எகிரிந்தி!” என்று, பறந்துவிட்டதைத் தெலுங்கில் சொல்லிக் கைதட்டினார்கள். ஊர் பேர் தெரியாத சனம். க்யூ முழுக்க வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. நாலு பேர் என்ன, நாற்பது பேருக்கும் மேலே இருப்பார்கள். ஆண்டவரின் வல்லமையை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

நைனா கடைக்கோடியில், பெட்ரோல் பங்க் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டியில் அடிக்காய் நசுங்கிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது, ஈ மொய்த்தது. க்யூ நகரும்போது சீட்டில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் அண்ணன் தம்பி தயவெல்லாம் கிடையாது.

“இன்னாண்ணா, இங்க நிக்கிற?” என்றார் சித்தப்பா.

“தூங்கிட்டேன்” என்றார் நைனா. சட்டியைத் திறந்து தின்ன ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா உடனே வண்டி வண்டியாகப் போய், “அண்ணா, மன்னிச்சிக்கோங்க, இதுல ஒரு தப்பு இருந்திச்சி, சரி பண்ணிட்டேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டுப் புதுசை ஏற்றினார். கேம் செய்தவரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறார் என்று முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆடிப் பார்த்ததும்தான் ரகளை. முட்டினார்கள், டிராக்டர் நகரவில்லை. இன்னும் முட்டினார்கள், அப்படியே நின்றது.

பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து வந்தார். “ஏம்ப்பா, நெசத்துலயும் நின்னுக்கினு கீறோம், போன்லயும் நிக்கணுமா?”

“அது தப்புங்க பெரியவரே. க்யூன்னா நிக்கணும். அதான ஆட்டம்?”

“பாததே இவ்வு பாபு” என்று தெலுங்கில் இன்னொருவர், பழையதையே கொடு என்று போனை நீட்டினார். “இல்லன்னா அழிச்சிடறேன் பாரு” என்றார் மூன்றாமவர். விரல் அழிக்கிற இடத்துக்கே போய்விட்டது. எனக்கு ரேணிகுண்டா ரயில்வே ஸ்டேஷனே கண்ணில் தெரிந்தது. நடுரோட்டில் ஓவென்று அழுதுவிட்டேன்.

“பாஸ்டரய்யா ஜெபம் பண்ணி வந்தத நீ ஏன் எடுத்த? யாரக் கேட்டு எடுத்த?”

சித்தப்பா என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். “எலையில கல்லு கெடக்குதுன்னு நெனச்சிட்டேங்க” என்றார் மெதுவாக.

“கல்லு இன்னாப்பா கல்லு? எங்களுக்குப் பாயசமே அதுதான்!”

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் டிராக்டரின் மட்கார்டிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து, வண்டியை மறுபடி பறக்க வைத்தார். அதோடு விடவில்லை. பறக்கிற வண்டியைப் பார்த்துக் கீழே நிற்கிறவர்கள் திட்ட வேண்டும், அதுதான் நிஜம் என்று, திட்டுகிற குரல்களை அங்கேயே பதிவு செய்தார். திட்டுவதற்கு க்யூ கட்டினார்கள். விரல் இடம் விடாமல்தான்! தமிழிலும் தெலுங்கிலும் வந்ததில் பாதியை என் காதைப் பொத்திவிட்டுத்தான் பதிய வேண்டியிருந்தது. கடைசியாக நைனாவைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “டேய், எறங்குடா கீழ!” என்று ஒரே ஒரு அதட்டல் போட்டார். சித்தப்பா நிஜமாகவே மட்கார்டிலிருந்து இறங்கிவிட்டார்.

சீசன் முடிந்தது. “நாலு பேரு ஆடிட்டானுங்க போல” என்று நைனா சுவரைப் பார்த்துச் சொன்னார். ரேணிகுண்டா பேச்சு அதோடு நின்றது. ஆனால் அம்மா விடவில்லை. அந்த லோடில் பாதிக் காயை அழுகல் என்று பேக்டரியில் ஒதுக்கிவிட்டார்கள். “மொத ஆளாப் போயிட்டு எப்பிடிய்யா கடைசியில நின்ன?” என்று மாசக்கணக்கில் கேட்டாள். “தூங்கிட்டேன்” என்பதைத் தவிர நைனா வேறெதுவும் சொல்லவில்லை. நான் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டமே வைத்தேன். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால்கூட, “நைனா, க்யூ நவுந்திடுச்சி” என்று இடுப்பில் குத்துவேன். அவர் சிரித்துக்கொள்வார்.

இப்போது நான் சித்தப்பாவோடுதான் வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் புது கேம் வெளிவந்தது. நாலு பேரை ஆட வைக்கலாம் என்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சினேன். ஒருவர் போனை முந்தானையில் மறைத்துக்கொண்டார். ஒருவர், “லோன் ஆப்பாம்மா?” என்று கேட்டு நகர்ந்தார். மனமிரங்கிய ஒரு கிழவரின் போனில் ஏற்றி, ஆடச் சொல்லிக்கொடுத்து நிமிர்ந்தால், என் சித்தூர் பஸ் கிளம்பிப் போயிருந்தது.

அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் பேர் தெரியாத அத்தனை வண்டிக்காரர்களின் போனிலும் எங்கள் கேம் எப்படி வந்தது? ஜெபம் வானத்திலிருந்து போனுக்கு இறங்காது. யாரோ ஒருவர் வண்டி வண்டியாகப் போய், தடித்த விரலால் மூன்று முறை தப்பாக அழுத்தி, “எங்க தம்பி பண்ணது, ஆடிப் பாருங்க” என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் க்யூ நகர்ந்திருக்கிறது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

“நைனா, அன்னிக்கு க்யூவுல நீ தூங்கல இல்ல?”



“தூங்கிட்டேன் பாப்பா” என்றார்.

அவருக்குப் பின்னால் அம்மாவின் போன் ‘டுபு டுபு’ என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவருடைய பழைய குரலே அதிலிருந்து, “டேய், எறங்குடா கீழ!” என்று அதட்டியது.