வேர் கழுவிய வாளி

நோய் வந்த செடிக்கு மருந்து ஊற்றுகிறவர்களைத்தான் ஊரில் பார்த்திருக்கிறேன். நல்ல செடிக்கு வலியப் போய் நோயைக் கொடுத்தது, எனக்குத் தெரிந்து எங்கள் அம்மா ஒருத்திதான்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொய்யாத் தோட்டம் இருந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது மரங்கள் ஒவ்வொன்றாக இலை பழுத்துக் காய்ந்தன. ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறது, அது லேசில் போகாது, அதைத் தாங்குகிற வேர் ஏதாவது கிடைத்தால் அதன்மேல் நல்ல கொய்யாவை ஒட்டுக் கட்டிப் பிழைக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு அப்பா, பிளாட் போடுகிறவர்களிடம் பேசப் போனார். அம்மா விதை பொறுக்கப் போனாள். வேலியோரத்துக் கொய்யா, பறவை போட்டு முளைத்த கொய்யா, ஆடுகூடச் சீண்டாத புளிப்புக் கொய்யா என்று எதையும் அவள் விடவில்லை. எல்லாம் வீட்டுக்குப் பின்னால் கறுப்புப் பைகளில் முளைத்து நின்றன.

தண்ணீர் ஊற்றுவது நானும் தம்பியும். அவனுக்கு ஆறு வயது. இழுப்புக்காரன், சாம்பிராணிப் புகை பட்டாலே நெஞ்சுக்குள் பூனை கத்தும். எனக்கோ சளிகூடப் பிடிக்காது.

செடிகள் சாண் உயரம் வந்ததும் அம்மா ஒரு சாக்கில் மண் கொண்டுவந்து, பைக்கு ஒரு கை அள்ளிப் போட்டாள். செத்த மரத்தடி மண்.

“அது சீக்கு மண்ணும்மா!”

“தெரிஞ்சுதான் போடுறேன். எது தாங்குது, எது தாங்கலைன்னு பாக்கணும்ல.”

சில மாதம் கழித்து ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தால் திரும்ப நடுவதற்கு ஈரச்சாக்கின் மேல் வைத்தாள். ஒரே ஒரு முடிச்சு இருந்தாலும் தீயில் போட்டாள். இலை தளதளவென்று இருந்த செடிகூடத் தீக்குப் போனது. என் செல்லச் செடி போனபோது நான் அழுதேன்.

“இரக்கம் பாத்தா தோட்டம் போயிரும் தாயி. தாங்காததை வச்சுக்கிட்டு என்ன செய்ய?” என்றாள்.

அப்போது சுவரோரம் நின்ற தம்பி இருமினான்.

நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். அன்றிலிருந்து அவன் இருமும்போதெல்லாம் நானும் சேர்ந்து இருமினேன். யார் இருமுகிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பது என் திட்டம். திட்டம் பலித்து, அவள் எனக்குத்தான் கசாயம் வைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஆனாலும் அவள் வாளியைத் தூக்கினால் தம்பியை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் பார்ப்பதற்கு முன்னால் நாமே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு மத்தியானம் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தபோது, தம்பியின் கால்களை அதே வாளியில் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். கணுக்காலில் புடைப்பாக ஒரு முடிச்சு இருந்தது. திருப்பினால் உள்பக்கமும் ஒன்று. அடுத்த காலிலும் அப்படியே. எதற்கும் இருக்கட்டும் என்று என் கால்களையும் கழுவிப் பார்த்தேன். எனக்கும் இருந்தது.

“நம்ம ரெண்டு பேருக்குமாக்கா?” என்றான் தம்பி. சொல்லும்போதே அவன் நெஞ்சில் பூனை கத்தத் தொடங்கிவிட்டது. தண்ணீரில் நின்ற குளிரோ, என் முகத்தைப் பார்த்த பயமோ, உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள். நான் அவனை மறைத்துக்கொண்டு நின்றேன். “அவனத் தீயில போட்ராதம்மா! எனக்கும்தான் முடிச்சு இருக்கு!”

அம்மா வாளியைப் பார்த்தாள், எங்கள் ஈரக் கால்களைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள், அவன் உதட்டைக் கண்டதும் கட்டை அப்படியே போட்டுவிட்டு, அவனை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஓடும்போதே திரும்பி, “செடிக்குத் தண்ணி ஊத்திரு!” என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்துக்கொண்டான். அவர்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

தேறிய செடிகள் பென்சில் கனம் வந்ததும், அம்மா பிளேடை எடுத்து அவற்றின் தலையைச் சீவினாள்.

“தாங்குனதப் போயி ஏம்மா வெட்டுற?”

“தாங்குனதுதான் சுமக்கும். இனி இது வேரா இருந்தாப் போதும். காய்க்கிறத மேல வைக்கிற குச்சி பாத்துக்கிரும்.” வெட்டிய இடத்தில் இனிப்புக் கொய்யாக் குச்சியைச் செருகி நாடா சுற்றினாள்.

ஒட்டுக் கட்டி முடித்த கையோடு, ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று மதுரை ஆனையூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். அப்பாவுக்குச் சோறு பொங்குவதும் ஒட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் பொறுப்பு.

“இம்புட்டுக்காணு பிள்ளைய விட்டுட்டுப் போறியே?” என்றார் அப்பா.

“அவளுக்கென்ன, அவ தாங்கிருவா,” என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

அத்தனை செடிகளில் தேறியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன்.