இரண்டு மணிக்கு எரிந்த மெழுகுதிரி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் நானும் அக்காவும்தான். அம்மாவையும் சேர்க்கலாம், ஆனால் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்துவிட்டார். அப்பா இல்லை. கோயில் தொண்டு வேலைக்கென்று விடியவே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் ஒன்றரைக் கிலோ மாட்டுக்கொழுப்பு எங்கள் அடுப்பில் ஏறியிருக்காது. என் பேராசிரியையும் இல்லை, ஆனால் அவ்வளவும் அவருக்காகத்தான் நடந்தது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா எட்டோடு. என் பட்ட ஆய்வு விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் கொலை ஒன்றைப் பற்றியது. தையல் வேலை செய்த ஓர் இளம்பெண் தன் வாடகை அறையில் இறந்து கிடந்தாள். கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. அவளைப் பார்க்க வந்துபோன ஒரு நெசவாளன்மேல் சந்தேகம் விழுந்தது. அவன் எங்கள் ஊர்க்காரன், இன்று வுப்பர்டாலுக்குள் அடங்கிவிட்ட பார்மனில் பிறந்தவன். அன்றிரவு பதினொரு மணிக்கு அவன் ஊருக்குக் கப்பலேறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். கொன்றுவிட்டு ஓடினான் என்றார்கள். ஆதாரம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை, ஊர்ப் பேச்சு மட்டும் ஓயவில்லை. அதன் பிறகு பார்மனில் எந்தத் தறிக்கூடமும் அவனை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை என்று அவன் தங்கை கடிதத்தில் எழுதியிருக்கிறாள்.

அவன் செய்யவில்லை என்று எனக்குப் பட்டது. “உங்களுக்குப் படுவதை வைத்து நான் என்ன செய்ய?” என்று பேராசிரியை கேட்டார். “பத்து நாளில் ஏதாவது காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.” எடுக்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

என் கையில் ஆதாரமென்று இருந்தது ஒரு மெழுகுதிரி பற்றிய சாட்சி மட்டும். அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி சொன்னது இது: இரவு பத்து மணிக்கு நெசவாளன் வெளியேறினான், அந்நேரம்தான் உள்ளே புதுத் திரி கொளுத்தப்பட்டிருந்தது. பிறகு அந்த அறைக்குள் யாரும் போகவில்லை. இரண்டு மணிக்குக் காவலரைக் கூட்டிவந்து கதவைத் திறந்தபோது பெண் பிணமாகக் கிடந்தாள். மேசையில் விரல் நீளம் மிஞ்சிய கொழுப்புத் திரி நேராக, வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது என்று காவலர் குறித்திருக்கிறார். அப்படிப்பட்ட திரி எவ்வளவு நேரம் எரியும் என்று அளந்தால் வீட்டுக்காரியின் கணக்கு சரியா பிழையா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். திரி விற்ற கடைக்காரரும் சாட்சி சொல்லியிருந்தார், மாட்டுக்கொழுப்பு என்று.

“ஆட்டுக்கொழுப்பிலை செய்ய ஏலாதோ?” என்று அம்மா வாசலில் நின்று கேட்டார்.

“ஏலாதம்மா. அது வேற மாதிரி எரியும்.”

“யூனிவர்சிட்டியிலை மாடு உருக்கவோ படிப்பிக்கிறாங்கள்?”

“விடுங்கோம்மா,” என்றாள் அக்கா. “டாக்டருக்குப் படிச்சிருந்தா பிணம் அறுத்திருப்பான். இது பரவாயில்லை.”

கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு விட்டார். ஆறு மணிக்குச் சாமிக்கு விளக்கேற்ற முன்னம் மாட்டின் துளி, மணம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. அவருடைய பாத்திரம் எதையும் தொடவும் கூடாது. நான் பழைய சாமான் சந்தையில் ஒரு பானை வாங்கி வைத்திருந்தேன்.

பருத்தி நூலை உருகிய கொழுப்பில் தோய்த்துத் தோய்த்து நான்கு திரி செய்து, பால்கனிக் குளிரில் இறுக வைத்தோம். ஒன்று முறிந்தது. பன்னிரண்டு மணிக்கு முதலாவதைக் கொளுத்தினேன். கால் மணி நேரத்தில் நூல் நீண்டு கருகி, நுனியில் காளான்போலக் கரி கட்டியது. கரும்புகை எழுந்தது. கொழுப்பு ஒரு பக்கமாக வழிந்தது. புகை எச்சரிக்கைக் கருவி அலறியதும் அக்கா கதிரையில் ஏறி அதைக் கழற்றினாள். அரை மணியில் திரி பாதியாகி, வளைந்து சாய்ந்துவிட்டது. இது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காதே, நாலு மணி நேரம் எப்படி எரிந்தது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, அக்கா நகம் வெட்டும் கத்தரிக்கோலால் கருகிய நூலை நறுக்கிவிட்டாள்.

“ஏனக்கா தொட்டனீ? எல்லாம் பழுதாப் போச்சு!”

“கண் எரியுதடா. வேணுமெண்டா நீ மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இரு.”

நான் இன்னும் ஏதோ கத்தினேன். அக்கா திரியைக் காட்டினாள். சுடர் நிமிர்ந்திருந்தது. புகை நின்றுவிட்டது.

ஓடிப்போய்க் காவலரின் குறிப்பை மறுபடி வாசித்தேன். நேராக, வெளிச்சமாக. அப்படியென்றால் இரண்டு மணிக்குச் சற்று முன்புவரை யாரோ அந்த அறைக்குள் இருந்து நூலை நறுக்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அது கொன்றவரோ, அதுவரை உயிரோடிருந்த அந்தப் பெண்ணோ, நெசவாளன் அப்போது கடலில் இருந்தான்.

“கொன்றது அந்த வீட்டுக்காரியோ?” என்று அக்கா கேட்டாள்.

“அது தெரியாது. ஒருத்தரும் போகேல்லை எண்டு அவ சொன்னது மட்டும் பொய்.”

இரண்டாவது திரியை ஒரு மணிக்குக் கொளுத்தினோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அக்கா நறுக்கினாள், நான் அளந்து எழுதிப் படம் எடுத்தேன். ஐந்து மணிக்கும் அது நேராக எரிந்துகொண்டிருந்தது, விரல் நீளம் மிச்சம் இருந்தது.

“தம்பி, கெதியா! ஐஞ்சு மணி!”

அம்மாவின் குரல் கேட்டதும் பானையில் மிஞ்சிய கொழுப்பைக் கொதிநீர் விட்டுக் கரைத்து, சவர்க்காரம் போட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். தண்ணீர் சுடவைக்கும் கேத்திலில் மூன்று தடவை கொதிநீர். மாடு வீட்டை விட்டுப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அது சுவருக்குள் குழாயில் போய் உறைந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு மணிக்கு அம்மா விளக்குக் கழுவத் தண்ணீர் திறந்தபோது, போனதெல்லாம் திரும்பி மேலே வந்தது.

“இப்ப மாடு என்ரை விளக்கிலையும் ஏறீட்டுது,” என்று சொல்லி அம்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அப்பா வருவதற்குள் அவசரச் சேவைக் குழாய்க்காரரைக் கூப்பிட்டோம்.

அன்றிரவே அத்தியாயத்தை எழுதத் தொடங்கினேன். ஒன்பதாம் நாள் பேராசிரியை படங்களைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். “இது தீர்ப்பு இல்லை, ஆனால் தடயம்தான். அத்தியாயம் இருக்கட்டும்,” என்றார். பார்மன் நெசவாளனுக்காக எங்கள் வீடு செலவழித்தது, கொழுப்பு, பானை, ஞாயிற்றுக்கிழமை விலைக்கு வந்த குழாய்க்காரர், அம்மாவுக்குப் புது விளக்கு எல்லாம் சேர்த்து, நானூற்று முப்பத்தேழு யூரோ.