மிதப்பில் எழுதிய நம்பர்

பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்குள் நின்று போன் பேச முடியாது. கிணற்றுக்கட்டில் ஏறி, மதில் பக்கம் முகத்தைத் திருப்பினால்தான் குரல் கேட்கும். பக்கத்து வீட்டு மச்சாள், "என்ன, இண்டைக்கும் கிணத்தடியில பிரசங்கமோ?" என்று கேட்டுச் சிரிப்பாள். நான் பொறுமைக்காரி இல்லை. ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்று, என் மனுசன் திரும்பத் திரும்ப எனக்குப் போன் எடுத்திருக்கிறார். என் போனில் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. வேறொரு படகு கட்டி இழுத்து வந்து அவரைக் கரை சேர்த்த அன்றே, "இந்தப் போன் கொம்பனிக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று சொல்லிவிட்டு, வேறு கொம்பனிச் சிம் வாங்க டவுனுக்குப் போனேன்.

"பழைய நம்பரையே வைச்சிருக்க ஏலாதோ?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏலாது அக்கா. இந்தச் சிம்முக்குப் புது நம்பர்தான்."

நம்பர் போனால் போகட்டும் என்று வாங்கி வந்தேன். மறுநாள் அடுப்படியில் நின்றபடியே மனுசனின் குரலைக் கேட்டேன். எஞ்சின் சத்தம், காற்று எல்லாம் காதுக்குள் வந்து விழுந்தன. குழம்பைக் கிளறிக்கொண்டே, "வலை இழுத்தாச்சோ?" என்று கேட்கிற சுகம் இருக்கிறதே! இந்தப் போன் கோபுரம் கட்டினவன் நல்லா இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

புது நம்பரைச் சொந்தக்காரருக்கு, எங்கள் நண்டை வாங்கும் வாடிக்கு, கோயில் மாதர் சங்கத்துக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். கட்டாரில் இருக்கிற தம்பிக்குத்தான் சொல்ல வழியில்லை. காணி விஷயத்தில் என்னோடு கோபித்துக்கொண்டு போனவன். அவனுடைய நம்பரும் மாறிப்போயிருந்தது. பழைய சிம்மைக் குப்பையில் எறிந்தேன். ஆனால் அந்த நம்பரை என் போனிலிருந்து அழிக்க மனம் வரவில்லை. கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்வதற்காக அதை 'நான்' என்று பதிந்து வைத்திருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகியிருக்கும். சும்மா இருக்கமாட்டாமல் அந்தப் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பெண் குரல் வந்தது.

"ஆர் கதைக்கிறது?" என்றேன்.

"நீங்க யாருங்க?"

"நான் ஆரோ? நீங்கள் வைச்சிருக்கிறது என்ர நம்பர்!"

"எங்க வீட்டுக்காரரு நானாட்டான் கடையில வாங்கிட்டு வந்தாருங்க. புதுசுன்னுதான் குடுத்தாங்க."

தேயிலை மலைநாட்டிலிருந்து வந்து நானாட்டான் பக்கம் குடியேறிய ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஒங்களக் கேட்டு நெறையப் பேரு எடுக்குறாங்க அக்கா" என்றாள்.

"எடுத்தா 'றோங் நம்பர்' எண்டு வைக்கவேண்டியதுதானே! உங்களுக்கு என்ன கதை அவையளோட?" என்று பொரிந்து தள்ளினேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை, வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த பாஸ்குத் திருநாளன்று என் போனுக்கு வெளிநாட்டு அழைப்பு ஒன்று வந்தது. "அக்கா" என்றான் தம்பி. "எப்பிடியடா நம்பர் எடுத்தனி?" என்றேன். "பழையதுக்குத்தான் அடிச்சனான், அங்க ஒரு..." என்று சொல்லும்போதே கட்டாகிவிட்டது. திரும்ப எடுத்தபோது அம்மாவின் சுகவீனம், பிள்ளைகளின் படிப்பு என்று கதை எங்கெங்கோ போய்விட்டது.

பிறகு சோழகக் காற்றுக் காலம் தொடங்கியது. அந்த முறை காற்று பேய்க்காற்று. மாலையில் விட்ட நண்டு வலைகளைக் காலையில் எடுக்கப் போன மனுசன் வெறும் படகோடு திரும்பி வந்தார். எங்களிடம் இருந்த வலை அத்தனையும் போய்விட்டது. வலை இல்லையென்றால் பழையபடி சம்மாட்டியின் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். அந்த ஏச்சும் பேச்சும் வேண்டாம் என்றுதான் பட்டினி கிடந்து சொந்தமாய் வலை போட்டவர். கதிரையில் உட்கார்ந்து, போட்ட தேத்தண்ணியைத் தொடாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வலைக்கு மிதப்பாக வெற்று எண்ணெய்க் கான்களைக் கட்டுவார்கள். கானில் பெயின்றால் போன் நம்பர் எழுதியிருக்கும். கடலில் இருக்கிற மனுசனின் நம்பர் இல்லை, கரையில் இருக்கிற பெண்சாதியின் நம்பர். வலை அறுந்து எந்தக் கரையில் ஒதுங்கினாலும் கண்டெடுத்தவர் கூப்பிட்டுச் சொல்வார். திடீரென்று மனுசன் தலையை நிமிர்த்தினார்.

"கானில எந்த நம்பர் கிடக்கு?"

ஐயோ! ஊர் முழுக்கச் சொன்ன நான் கானுக்குச் சொல்ல மறந்துபோனேன். கான்களில் இன்னும் பழைய நம்பர்தான்.

"உன்ர பழைய நம்பரை வைச்சிருக்கிற அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லன்" என்றார்.

"எந்த முகத்தோட எடுக்கிறது? நான் பேசின பேச்சுக்கு அவ சொல்லுவாவோ?"

சொன்னாலும் போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மத்தியானம் அது கையில் இருக்கும்போதே அடித்தது. 'நான்' என்று காட்டியது. மனுசன் எட்டிப் பார்த்து, "உனக்கு நீயே எடுக்கிறாய்" என்றார்.

"அக்கா, திட்டாதீங்க. ஒரு நிமிசம் கேளுங்க" என்றாள் அவள். "விடத்தல்தீவுல ஒருத்தர் வலை கெடக்குன்னு எடுத்தாரு. ஒங்களுதான்னு கேட்டாரு. ஆமா, எங்களுதுதான்னு சொல்லிட்டேன்."

"உங்கட எண்டோ சொன்னனீங்கள்?"

"பின்ன என்னக்கா, இல்லன்னா வேற யாருக்காச்சும் குடுத்துருவாரே! எத்தன வலைன்னு கேட்டாரு. நீங்களே எண்ணிப் பாருங்கன்னேன். எனக்கு வலையப் பத்தி என்ன தெரியும்? நெழல்ல போடுங்க, எங்க ஆளு வர்றாருன்னு சொல்லி வச்சிருக்கேன். சீக்கிரம் போகச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. கடல் வலையையே கண்டிராத ஒருத்தி, அந்த மனிதரிடம் என்ன ஒரு போடு போட்டிருக்கிறாள்! வலைகள் அங்கங்கே கிழிந்து, பாசி சுற்றி, ஆனாலும் ஒன்றுகூடக் குறையாமல் வீடு வந்தன.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, நல்ல நண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு இருவரும் நானாட்டானுக்குப் போனோம். என்னைவிட வயது குறைந்த, ஒல்லியான பெண். வயல் வேலை செய்து கறுத்த கை. நண்டு காலை ஆட்டியதும் இரண்டடி பின்னால் போனாள். நான்தான் அவளுடைய அடுப்படியில் உட்கார்ந்து உடைத்துக் கழுவிக் கொடுத்தேன்.

"என்ர புது நம்பரை ஏன் அழிக்காமல் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். "அண்டைக்கு அவ்வளவு ஏசினனான்."

"அழிச்சா எப்படிக்கா? ஒங்களக் கேட்டு எடுக்குறவங்களுக்கு எதச் சொல்றது?" என்றாள். "நீங்க திட்டுனப்பதான் ஒங்க புது நம்பரே எனக்குக் கெடச்சது. அதுக்கப்புறம் எடுத்தவங்களுக்கெல்லாம் அதத்தான் குடுத்தேன். வெளிநாட்டுலேருந்து ஒரு தம்பி எடுத்தாரு. பாவம், அக்கா இல்லையான்னு கேட்டு அழுதுட்டாரு. பேசினாருங்களா?"

"பேசினவன்" என்றேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன், என் கையில் நண்டு வாடை இருந்ததையும் மறந்து.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் கான்களை முற்றத்தில் பரப்பி, பெயின்ற் டின்னைத் திறந்தார். புது நம்பரை எழுதிவிட்டு, பழையதைச் சுரண்டக் கத்தியை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, அதை அழிக்காதேங்கோ" என்றேன். "அதுவும் கிடக்கட்டும். அவ எடுப்பா."