கிளாஸ்கோவில் இயனுக்கு மறுத்த மீன்

லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் சூடான சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். வினிகர் வாசனை மூக்கில் ஏறியதும் நினைவில் நான் மறுபடி சிறுமியாகக் கிளாஸ்கோவில், அம்மாவும் அப்பாவும் நடத்திய எங்கள் சிப்ஸ் கடையில் நின்றேன்.

அங்கே மீன், சொசேஜ், பீட்சா, சொக்லேட் எல்லாமே கொதிக்கும் எண்ணெய்க்குள் போய்வரும். பஸ் ஓட்டும் இயன் தினமும் மத்தியானம் வருவார். ஒருமுறை நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பிய கையோடு கடைக்கு வந்து, வழமையான மீனும் சிப்ஸும் கேட்டார்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "ஏலாதெண்டு சொல்லு பிள்ளை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இயனின் முகம் சிவந்தது. எதிர்க்கடைக்குப் போவதாகச் சொன்னார்.

"வாற ஆளை ஏன் கலைக்கிறீர்? குடுத்துவிடும்," என்று அப்பா பதறினார்.

"அவர் நாளைக்கும் உயிரோட வரவேணும். அதுக்குத்தான் தரமாட்டன். அதையும் சொல்லு பிள்ளை."

சொன்னேன். வாசல்வரை போன இயன் திரும்பி வந்தார். எங்களுக்கென்று வைத்திருந்த சோற்றில் அம்மா மீன்குழம்பை ஊற்றிக் கொடுத்தார். காரத்தில் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார் அந்த மனிதர்.

அடுத்த நாளும் அதையே கேட்டார். பிறகு மற்ற டிரைவர்களையும் கூட்டிவந்தார். கடைசியில் அப்பாவே விலைப்பலகையில், சிப்ஸுக்கு மேலே, சோறும் மீன்குழம்பும் என்று எழுதினார். ஓய்வுபெறும்வரை இயன் எங்களிடம்தான் சாப்பிட்டார்.

"ஒண்டு எடுங்கோ அக்கா," என்று அந்தப் பெண் பொட்டலத்தை நீட்டினாள்.

எடுத்துக் கடித்தேன். "எங்கட அம்மா ஒரு மனிசனுக்கு இதைக் குடுக்கமாட்டன் எண்டு நிண்டவ," என்று சொல்லத் தொடங்கினேன். பஸ் வந்து போனதை இருவருமே கவனிக்கவில்லை.