புகை போக ஒரு ஜன்னல்

பேச்சியம்மா தன் வீட்டுப் பின்சுவரை இடிக்கத் தொடங்கிய அன்று, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலிக்காரர் வீட்டு வரிசையில், அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். நான் தும்மினால் அவள் அங்கிருந்து "நூறு வயசு" என்பாள். அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவளுடைய ஒரே மகள் மீனம்மா. அறுபத்தொன்றாம் வருஷம், அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எதிர் மலைத் தோட்டத்து மூக்கனோடு போய்விட்டாள். அப்பா கந்தப்பன் அன்றைக்கே மகளைத் தலைமுழுகிவிட்டார். "எனக்கு மக இல்ல. ஒனக்கும் இல்ல. அந்தப் பக்கம் போனா அங்கேயே இருந்துக்க, திரும்பி வராத" என்று மனைவியிடம் சொன்னார். சொன்னால் சொன்னதுதான். அப்படியொரு பிடிவாதக்கார மனுஷன்.

இரண்டு மலைக்கும் நடுவில் ஒரு சிற்றாறுதான். எங்கள் லயத்துக்குப் பின்னால் போய் நின்றால் மகள் இருக்கும் லயம் நேரே தெரியும். பேச்சியம்மா சாம்பல் கொட்டப் போய் அங்கேயே நின்றுவிடுவாள். "சாம்பல் கொட்ட இம்புட்டு நேரமா?" என்று ஒருநாள் அதட்டிய கந்தப்பன், மறுநாளிலிருந்து சாம்பலைத் தானே கொட்டினார். பெற்றவளின் மனது என்ன பாடுபட்டிருக்கும்!

அதன் பிறகுதான் அவளுக்கு ஜன்னல் ஆசை வந்தது. லயத்துக் காம்பரா என்பது ஒற்றை அறை வீடு; முன்னால் ஒரு கதவு உண்டு. பின்னால் வெறும் கல்சுவர். "ஏங்க, பொகையில கண்ணு அவிஞ்சு போகுது. பின்னால ஒரு ஜன்னல் வைக்கணும்" என்றாள். அவருக்கா புரியாது? "தோட்டத்துச் செவுரு. கண்டாக்கையாகிட்ட கேளு. நான் ஒரு கல்லத் தொட மாட்டேன்" என்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோ, "பொகைக்கு ஓட்டை போட்டுக்க. தோட்டத்துல இருந்து ஆள் தர மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்.

கொழுந்து பறித்துவிட்டு வந்து அந்திவரை சுவரோடு மல்லுக்கட்டினாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் மண்ணைச் சுரண்டி, நடுவில் ஒரு கல்லை உருவினாள். மேலே இருந்த கல்லெல்லாம் சரிந்து விழுந்தது. நல்ல காலம், கால் தப்பியது. ஜன்னலுக்குப் பதிலாக ஒரு மாடு நுழையும் வழி கிடைத்தது. அன்றைக்குக் குளிருக்கு கொழுந்து பறிக்கும்போது அவள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத்தான் அதில் தொங்கவிட்டார்கள். கந்தப்பன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பொகை நல்லாப் போகுது" என்றார்.

அந்தச் சுவரையே உற்றுப் பார்த்துப் பார்த்து அவள் கண்டுபிடித்தாள்: முதலில் மேலே குறுக்குக் கட்டை வைக்க வேண்டும், சுமையை அது தாங்கும், பிறகுதான் கீழே கல்லை எடுக்கலாம். செம்மண்ணும் சாணமும் பிசைந்து மறுபடி கட்டினாள். மண் காயுமுன் கட்டியது ஒருமுறை உப்பிக்கொண்டு வந்தது. அதையும் பிரித்துக் கட்டினாள். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைதான் ஜன்னல் கதவு. தோட்டத்தின் பேர் அதில் தலைகீழாக நின்றது. ராசிக் நானா கடையில் கதவை மாட்ட வாங்கிவந்த பிணைச்சலைப் பக்கம் மாற்றி அடித்ததில், கதவு உள்ளே திறந்து பானையை உடைத்தது. கழற்றி மாற்றினாள்.

முடிந்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "ஆட்டிப் பாருக்கா, அசையுதா?" என்றாள். அசையவில்லை. திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். மகள் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எதிர் மலை லயமும் லயம்தானே; அதன் பின்சுவர்தான் எங்களைப் பார்த்து நின்றது. "இம்புட்டுப் பாடுபட்டு அந்த லயத்து முதுகத்தானடி பாக்குற?" என்றேன்.

"முதுகாவது தெரியுதே அக்கா" என்றாள். நாலாவது காம்பராக் கூரையில் புகை கிளம்பினால் மகள் அடுப்பு மூட்டிவிட்டாள் என்று அர்த்தம். மூடுபனி இறங்கிய நாட்களில் அதுவும் இல்லை. அப்போதும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள். எனக்கே அழுகை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய, அவள் வீட்டுக்கு அடுப்பு நெருப்பு வாங்கப் போயிருந்தேன். உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. பேச்சியம்மா ஜன்னலோரம் அசையாமல் நின்றாள். எட்டிப் பார்த்தேன். எதிர் லயத்து நீண்ட வெள்ளைச் சுவரில், நாலாவது காம்பராவுக்கு நேரே, கோணல்மாணலாக ஒரு ஓட்டை. உள்ளே குப்பி விளக்கு எரிந்தது.

"எம் மக எஞ் சன்னலப் பாத்திருக்காக்கா" என்றாள். உடனே பதறினாள். "மேல கட்ட வச்சாளோ என்னமோ தெரியலையே."

கந்தப்பன் எழுந்து வந்தார். அந்த ஜன்னலில் அவர் முகம் வைத்து நான் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பார்த்தார்.

"அங்கயும் பொகை போலருக்கு" என்றார். பிறகு, "போயி மொதல்ல கட்டைய வைக்கச் சொல்லு. செவுரு புள்ள தலையில விழுந்துரப் போகுது. சொல்லிட்டுத் திரும்பி வா" என்றார்.

அவர் சொல்லி முடிக்குமுன் அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். சோற்றை நான்தான் வடித்தேன்.